உப்புக்காரியின் கடைசிக் காட்சி

எப்சிபாவை அந்தப் படத்துக்குள் இழுத்தது அவளுடைய முதுகுதான். 'உப்புக்காரி' இரண்டாம் பாகத்துக்கு இடம் பார்க்க வந்த இயக்குநர் முரளி, பழவேற்காடு ஏரியோரம் தோணிரேவுக் கரையில் நண்டு வலையை உதறிக்கொண்டிருந்த அவளைப் பின்னாலிருந்து பார்த்துவிட்டு, "சுபஸ்ரீ மேடம் இங்க எப்படி வந்தாங்க?" என்று உதவியாளரிடம் கேட்டாராம். அதே உயரம், அதே தோள், இடுப்புக்குக் கீழே இறங்கும் அதே முடி. அவள் திரும்பியபோதுதான் முகம் வேறு என்று தெரிந்தது. முகம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

எப்சிபா பொன்னேரியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தாள். அன்று அவளுக்கு விடுமுறை. வீட்டில் அவளும் அப்பா சந்தியாகுவும் மட்டும்தான். அம்மா தவறிப்போய்ச் சில வருஷம் ஆகிறது. முரளி வீட்டுக்கே வந்து, பாயில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, கதை முழுவதையும் இருவருக்கும் சொன்னார்.

முதல் பாகத்தை ஊரில் எல்லோரும் பார்த்திருந்தார்கள். உப்பளத்துக்கு வாழ வந்த ஒருத்தியைப் புருஷன் வீட்டார் சந்தேகப்பட்டு உப்புக் கிடங்கில் அடைத்துவிடுகிறார்கள். அங்கேயே செத்துப் பேயாகிறாள். பலபேரைக் கொல்கிறாள். கடைசியில் அவளை மந்திரித்து அதே கிடங்கில் பூட்டுகிறார்கள். படம் நன்றாக ஓடியது.

"ரெண்டாவது பார்ட்ல அவ பொண்ணு வளந்து வர்றா," என்றார் முரளி. "கதவத் தெறக்குறா. எல்லாரும் சாகப் போறாங்கன்னு ஜனங்க நெனப்பாங்க. ஆனா பொண்ணு 'அம்மா'ன்னு கூப்புடுது. அவ யாரையும் தொடல. கதவத் தாண்டி வெளிய வர்றா. சேத்துல நடக்குறா. ஏரிக்குள்ள எறங்கிப் போய்க்கினே இருக்கா. அவ்ளோதான் படம். அந்த நடை உன்னோடதும்மா. சுபஸ்ரீ மேடத்துக்குத் தண்ணின்னா பயம்."

எப்சிபாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. அதற்கு முன் யாரும் அவளை எதிரே உட்கார வைத்து ஒரு முழுக் கதையைச் சொன்னதில்லை. அடைந்து கிடந்தவள் வெளியே வந்து நடந்து போவதை அவளால் அப்படியே பார்க்க முடிந்தது. கடையில் லீவு கேட்டாள். தரமாட்டேன் என்றார்கள். வேலையை விட்டாள்.

ஊரும் சம்மதித்தது. கரையோரத்துப் பொது இடத்தைப் படம் முடியும்வரை பயன்படுத்திக்கொள்ளலாம், பதிலுக்கு மீன் ஏலம் போடும் கொட்டகைக்குப் புதுக் கூரை போட்டுத் தர வேண்டும் என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். சந்தியாகுவின் ஃபைபர் படகை அவர்களுடைய சாமான் ஏற்றிப்போக அமர்த்தினார்கள். கரையில் ஒட்டுப்பலகையாலும் கொஞ்சம் நிஜச் செங்கல்லாலும் பழைய உப்புக் கிடங்கு ஒன்று எழுந்தது. பத்தடி தள்ளி நின்று பார்த்தால் நூறு வருஷத்துக் கட்டடம். தட்டினால் டொக்கு டொக்கு என்றது.

முதல் சில வாரங்கள் சந்தோஷமாகவே போயின. கதாநாயகி சுபஸ்ரீ குடைக்குக் கீழே உட்கார்ந்திருப்பாள். தூரத்துக் காட்சி, தண்ணீர்க் காட்சி, முதுகு தெரியும் காட்சி எல்லாவற்றுக்கும் எப்சிபா போவாள். முரளி ஒவ்வொரு தடவையும் அவளருகே வந்து, இப்போது அந்தப் பெண்ணின் மனசில் என்ன ஓடுகிறது என்று சொல்லிவிட்டுத்தான் போவார். முதுகுக்கு எதற்கு மனசு என்று ஒளிப்பதிவாளர் சிரித்தார். முதுகுதான் பொய் சொல்லாது என்றார் முரளி.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. வழக்கத்தைவிட முன்னாலேயே வந்து விடாமல் அடித்தது. கிடங்கின் ஒரு பக்கம் கரைந்து சேற்றில் உட்கார்ந்தது. அதை மறுபடி தூக்கி நிறுத்துவதற்குள் சுபஸ்ரீ கொடுத்திருந்த நாட்கள் முடிந்துவிட்டன. அவள் ஹைதராபாத்தில் ஒரு பெரிய படத்துக்குப் போய்விட்டாள். திரும்பி வருவாள், வருவாள் என்று எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். தயாரிப்பாளருக்கும் அவளுக்கும் போனில் சண்டை முற்றி வக்கீல்வரை போய்விட்டது என்று சமையல்காரர்கள் பேசிக்கொண்டார்கள். கடைசியில் அவள் வரவில்லை.

"மீதிய உன்ன வச்சே எடுக்கச் சொல்றாங்க," என்றார் முரளி. "முடிய முன்னாடி எறக்கி விட்டுக்கலாம். முகம் தெரியாம நான் பாத்துக்கறேன். கடைசிக் காட்சி எப்படியும் உன்னோடதுதானே?"

அவளுக்கு அது நல்ல சேதியாகவே பட்டது.

ஆனால் எடுத்திருந்தவரை படத்தைத் தயாரிப்பாளர் யார் யாருக்கோ போட்டுக் காட்டினார். பேய் விடுதலையாகிப் போய்விட்டால் மூன்றாம் பாகத்துக்கு என்ன இருக்கிறது என்று படத்தை வாங்க வந்தவர்கள் கேட்டார்களாம். முடிவை மாற்றச் சொன்னார்கள். முரளி முடியாது என்றார். ஒருநாள் காலையில் எப்சிபா போனபோது முரளியின் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்து மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தார். பெயர் பிரபாகரன். பாதியில் நின்றுபோன படங்களை முடித்துக் கொடுப்பவர். கெட்ட மனிதர் இல்லை. எல்லோரிடமும் தன்மையாகத்தான் பேசினார். எப்போதும் களைத்திருந்தார்.

"ஒண்ணும் பயப்படாதம்மா," என்று அவளிடம் சொன்னார். "நான் சொல்றத மட்டும் செய். சீக்கிரம் முடிச்சுரலாம்."

"சார், கடைசில அவ ஏரிக்குள்ள நடந்து போவா இல்ல சார்?"

"அதெல்லாம் மாறிடுச்சும்மா."

என்னவாக மாறியது என்று அவரும் சொல்லவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது. ஒரு வாரம் பேய் நெருப்பில் எரிந்து போவதாக இருந்தது. அதற்காக வைக்கோலெல்லாம் வந்து இறங்கியது. பிறகு மகள் உடம்புக்குள் பேய் புகுந்துவிடுவதாக ஆனது. மகளாக நடித்த பெண் பரீட்சை என்று போய்விட்டதால் அதுவும் நின்றது. ஒவ்வொரு முறையும் எப்சிபாவிடம் நாளைக்கு வா என்றார்கள். அவள் போய் ஒப்பனை வேனில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள்.

வேனில் ஹேமாவதி இருந்தாள். சாலிகிராமத்திலிருந்து வந்த ஒப்பனைக்காரி. கோந்து வாசனையும் வெற்றிலை வாசனையும் கலந்து வரும் பெண்.

"ரெண்டாம் பாகம்னாலே இந்தக் கூத்துதான்டி," என்றாள். "முன்னாடி ஒரு பேய்ப்படம் பண்ணேன். கதைப்படி ஹீரோ கடைசில பொழச்சு, பொண்டாட்டியோட ஊருக்குப் போவணும். நடுவுல அவருக்கும் கம்பெனிக்கும் ஆகல. மனுஷன் வரவே இல்ல. இன்னா பண்ணாங்க தெரியுமா? ஒரு டூப்பக் குப்புறப் போட்டு, முதுகுல கத்தியச் சொருகி, முடிச்சுட்டாங்க. தியேட்டர்ல ஜனம் அழுவுது. நல்லவன் இந்த ஒலகத்துல பொழைக்க முடியாதுன்னு சொல்ல வர்றாங்கன்னு ஒருத்தன் பக்கம் பக்கமா எழுதுறான். அந்த டூப்புக்கு மேக்கப் போட்டவ நானு. அவன் அப்படியே தூங்கிட்டான். அதான் நடந்தது."

எப்சிபா சிரித்தாள். அப்புறம், "அக்கா, நான் போறேன்னு சொன்னா விடுவாங்களா?" என்று கேட்டாள்.

ஹேமாவதி சீப்பை நிறுத்தினாள். "இதுவரைக்கும் எடுத்ததுல பாதி உன் முதுகுடி. நீ போனா இவங்க எங்க போவாங்க?"

காற்றில் முடி விலகி முகம் தெரிகிறது என்று முதலில் அவள் கண்ணுக்கு வெள்ளை லென்ஸ் போட்டார்கள். அதைப் போட்டால் எதிரே இருப்பது பால் கலந்த தண்ணீர் மாதிரிதான் தெரியும். யாராவது கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டும். பிறகு, வாய் சுபஸ்ரீ வாய் மாதிரி இல்லை என்று எடிட்டிங்கில் யாரோ சொன்னார்கள். பிரபாகரன் யோசித்துவிட்டு, வாயைத் தைத்துவிடலாம் என்றார். சாகும் முன்னால் புருஷன் வீட்டார் அவள் வாயைத் தைத்துவிட்டதாக ஒரு வசனம் சேர்த்தால் சரியாகிவிடும். பேசவும் தேவையில்லை. ஹேமாவதி மெல்லிய ரப்பர் தோலை அவள் உதட்டின்மேல் ஒட்டி, அதில் கறுப்பு நூலைக் கோத்தாள். ஓரத்தில் ஒரு ஸ்ட்ரா நுழையும் அளவு இடம் விட்டாள். காலையில் ஒட்டினால் சாயங்காலம்வரை மோர்தான்.

ஊரில் குழந்தைகள் அவளைக் கண்டு ஓடத் தொடங்கினார்கள். ஆரம்பத்தில் விளையாட்டுக்குத்தான். பிறகு நிஜமாகவே ஓடினார்கள். கோந்து உரித்த இடமெல்லாம் முகம் சிவந்து தடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோவிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்த பெண், மடியிலிருந்த பிள்ளை வீறிட்டதும் எழுந்து பின்னால் போய்விட்டாள்.

கடைசியாக ஒரு முடிவு நின்றது. உப்புக்காரி வெளியே வருவதற்குள் அவளை மறுபடி பிடித்து, கிடங்குச் சுவரின் பொந்தில் நிறுத்தி, உயிரோடு பூசுவதுபோல் செங்கல் வைத்து அடைத்துவிடுவார்கள். வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுப்பது. கடைசிச் செங்கல் வைக்கும்போது அதன் இடுக்கில் வெள்ளைக் கண் ஒன்று தெரியும். மூன்றாம் பாகத்துக்கு அது போதும்.

அதைக் கேட்ட அன்று சாயங்காலம், படகில் தேங்கிய தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்த அப்பாவிடம் எப்சிபா போனாள்.

"நைனா, நான் நாளைக்குப் போவல."

சந்தியாகு நிமிர்ந்தார். "இன்னா ஆச்சு பாப்பா? யாருனா தப்பா எதுனா பேசுனாங்களா?"

"யாரும் ஒண்ணும் பேசல. கதைய மாத்திட்டாங்க."

அது ஒரு காரணமாக அவருக்குப் படவில்லை. "கதைதானே?"

"அவ வெளிய போவான்னு சொல்லித்தானே நைனா கூப்டாங்க? இப்ப உள்ள வச்சுப் பூசப் போறாங்களாம்."

"பூசுனா பூசட்டும். சினிமாதானே. நாளைக்கு ஒரு நாளு." அவர் குவளையைக் கீழே வைத்தார். "பெரியவங்க வாக்கு குடுத்துக்கிறாங்க பாப்பா. கொட்டாய்க்குத் தகரம் வந்து எறங்கிக்கிது. நீ நின்னுட்டா ஊரு என்னைத்தான் கேக்கும்."

அவர் கத்தவில்லை. கெஞ்சுகிற மாதிரித்தான் சொன்னார். அவள் குவளையை எடுத்து மீதித் தண்ணீரை இறைக்கத் தொடங்கினாள்.

மறுநாள் காலையிலேயே வெயில் சுட்டது. ஹேமாவதி லென்ஸ் போட்டாள், வாயை ஒட்டினாள், கையைப் பிடித்துக் கிடங்குக்குள் கூட்டிப்போனாள். பொந்து அவள் உடம்புக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. தோள் இரண்டு பக்கமும் உரசியது. பின்னால் பலகை. அது சாயாமல் இருக்க அதற்குப் பின்னால் மணல் மூட்டை அடுக்கியிருந்தார்கள். தலைக்கு மேலே ஒரு சின்ன விளக்கு. காலடியில் ஒரு சின்ன மின்விசிறி.

"மூச்சு முட்டுனா பின்பலகையத் தட்டு. ஆள் நிக்குது," என்றாள் ஹேமாவதி. கையை அழுத்திவிட்டுப் போனாள்.

பிரபாகரனின் குரல் வந்தது. "எப்சிபா, நான் கட் சொல்ற வரைக்கும் அசையக்கூடாதும்மா. நீ அசைஞ்சா சுவரு போச்சு. எல்லாம் முதல்லேருந்து. புரியுதா?"

அவள் தலையாட்டினாள்.

காட்டூரிலிருந்து ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்து உப்பளத்துக்காரர் வேஷம் போட்டிருந்தார்கள். சீக்கிரம் இறுகுவதற்காகக் கலவையில் ஏதோ மாவு சேர்த்திருந்தார்கள். கரண்டி உரசும் சத்தம், செங்கல் உட்காரும் சத்தம், மறுபடி கரண்டி. முழங்கால்வரை வந்தது ஈரமான குளிர்ச்சியில் தெரிந்தது. இடுப்பு வந்தது. மார்புக்கு வந்ததும் எதிரேயிருந்த பால்வெளிச்சம் குறையத் தொடங்கியது. கொத்தனாரின் மூச்சு முகத்தில் பட்டது. சூடான பீடி வாசனை. பிறகு அதுவும் நின்றது. கடைசிச் செங்கல் கண்ணுக்கு நேரே வந்து உட்கார்ந்தது.

அவள் 'கட்'டுக்காகக் காத்திருந்தாள்.

வெளியே ஒரு வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கதவுகள் அறைந்து மூடின. பல பேருடைய குரல். யாரோ ஓடினார்கள். அவற்றுக்கு நடுவே முரளியின் குரல் அவளுக்குத் தெரிந்தது. ஒரு கணம் அவள் உடம்பு முழுவதும் லேசாகிப்போனது.

"ஜெனரேட்டர ஆஃப் பண்ணுங்கய்யா! டைரக்டர் சங்கத்துலேருந்து வந்திருக்கோம். ஒரு ஷாட் எடுக்கக் கூடாது!"

விளக்கு அணைந்தது. மின்விசிறி கிர்ரென்று இழுத்து நின்றது.

கிடங்குக்குள் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே ஓடுவது காலடிச் சத்தத்தில் தெரிந்தது. ஒளிப்பதிவாளர், கொத்தனார், பலகைக்குப் பின்னால் நின்ற ஆள். எப்சிபா பலகையைத் தட்டினாள். மறுபடி தட்டினாள். மணல் மூட்டை சத்தத்தை விழுங்கியது. கூப்பிடப் பார்த்தாள். ஒட்டிய உதட்டுக்குப் பின்னால் மாடு முனகுவதுபோல் ஒரு சத்தம் மட்டும் வந்தது.

சுவரைத் தள்ளலாம். இன்னும் ஈரம்தான். ஆனால் தள்ளினால் எல்லாம் முதலிலிருந்து. நாளைக்கு மறுபடி வாய் ஒட்டுவார்கள், மறுபடி கொத்தனார் வருவார், மறுபடி முழங்கால், இடுப்பு, மார்பு. அசையாமல் இருந்தால் இன்றோடு முடிந்துவிடலாம். அவள் அசையாமல் நின்றாள். வியர்வை கண்ணுக்குள் இறங்கி லென்ஸின் அடியில் எரிந்தது. துடைக்கக் கை மேலே வரவில்லை. கலவையிலிருந்து ஒரு சூடு கிளம்பி முகத்துக்கு நேரே நின்றது. உள்ளே இழுத்த மூச்சையே திரும்பத் திரும்ப இழுப்பதுபோல் இருந்தது.

வெளியே சண்டை தெளிவாகக் கேட்டது.

"அவள உள்ள வச்சுப் பூசிட்டீங்களேய்யா!" முரளி கத்தினார். குரல் உடைந்திருந்தது. "வெளிய விடுங்கய்யா அவள! வெளிய வர்றதுக்குத்தான்யா அவ பொறந்ததே!"

எப்சிபாவுக்கு அழுகை வந்தது. அவராவது நினைத்தார். இதோ வரப்போகிறார்கள்.

"என் கேரக்டரு அது," முரளி தொடர்ந்தார். "மூணு வருஷமா எழுதுனேன். பத்திரிகைக்குப் போவேன். அவ யாரு, இன்னானு உங்களுக்குத் தெரியுமா?"

அவர் சொன்னது உப்புக்காரியை.

"முரளி, கொஞ்சம் உக்காருங்க," என்றது பிரபாகரனின் குரல். "எனக்கு மட்டும் இது புடிச்சா செய்யறேன்? ஷாட் முடிஞ்சிருச்சு. நல்லா இல்லேன்னா மறுபடி எடுத்துக்கலாம். அந்தப் பொண்ணு ஒண்ணும் சொல்லாது. எத்தனை தடவை நிக்கச் சொன்னாலும் நிக்கும்."

"நிக்கட்டும். வேற முடிவுக்கு நிக்கட்டும்," என்றார் முரளி.

எப்சிபா நெற்றியைச் சுவரில் வைத்தாள். அது முன்னைவிட இறுகியிருந்தது. பயம் அப்போதுதான் முழுதாக வந்தது. முதுகைப் பலகையில் ஊன்றி, முழங்காலை ஒடுக்கிக்கொண்டு, தலையாலும் தோளாலும் முட்டினாள். அசையவில்லை. மறுபடி முட்டினாள். கண்ணுக்கு நேரேயிருந்த செங்கல் வெளியே விழுந்தது. அந்த ஓட்டை வழியாக வந்த காற்றை மூக்கால் இழுத்துவிட்டு, மீண்டும் மோதினாள். சுவரின் மேல்பாதி ஒரே தகடாகச் சாய்ந்து தரையில் உடைந்தது. கீழ்ப்பாதியைத் தாண்டும்போது புடவை கிழிந்து முழங்கால் தோலுரிந்தது.

கண் தெரியவில்லை. வெளிச்சம் இருந்த பக்கம் நடந்தாள். கையை முன்னே நீட்டி, கிடங்கு வாசலைத் தடவிக்கொண்டு வெயிலுக்குள் வந்தாள்.

சண்டை அப்படியே நின்றது. ஒரு பெண் வீறிட்டாள். யாரோ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். எப்சிபா நிற்கவில்லை. வலப்பக்கம் ஏரி என்று காற்று சொன்னது. அந்தப் பக்கம் படகும் அப்பாவும் இருப்பார்கள். காலுக்கடியில் மணல் போய்ச் சேறு வந்தது. எதிரே ஒரு கறுப்பு உருவம் மங்கலாக நின்றது. அவள் நெருங்க நெருங்க அது ஓரடி பின்னால் போனது. இன்னும் ஓரடி.

அவர்தான். அவருடைய மூச்சுச் சத்தம் அவளுக்குத் தெரியாதா? பெற்றவர் அவளைக் கண்டு பின்வாங்கிக்கொண்டிருந்தார்.

அவள் வாயில் கை வைத்து, ரப்பர் தோலின் ஓரத்தைப் பிடித்து, ஒரே இழுப்பாக இழுத்தாள். உதட்டுத் தோலும் சேர்ந்து வந்தது. வாயில் ரத்தம் உப்புக் கரித்தது.

"நைனா," என்றாள்.

சந்தியாகு ஓடிவந்து அவளைப் பிடித்தார்.  சின்னப் பிள்ளையைத் தூக்குவதுபோல் இடுப்பில் கை கொடுத்துத் தூக்கிப் படகில் உட்கார வைத்தார். கம்பை ஊன்றித் தள்ளினார். ஆழம் கொஞ்சம் வந்ததும் மோட்டாரை இழுத்தார். உடனே பிடிக்கவில்லை.

கரையில் எல்லோரும் வந்து நின்றிருந்தார்கள். பிரபாகரன் கையை வாயருகே குவித்துக் கூப்பிட்டார். "சந்தியாகு அண்ணே! கூட்டிட்டு வாங்கண்ணே! டாக்டருக்குச் சொல்லியிருக்கோம்! கொஞ்ச நேரம் இருந்துட்டு ஒரே ஒரு ஷாட்டு!"

"தண்ணி வத்திப்போச்சு சார்!" என்று சந்தியாகு திருப்பிக் கத்தினார். "போட்டு கரைக்கு வராது!"

படகு தளும்பத் தளும்பத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது. எப்சிபாவுக்குச் சிரிப்பு வந்து உதடு வலித்தது.

கொஞ்ச நேரத்தில் யாரோ தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வரும் சத்தம். ஹேமாவதி. புடவையை இடுப்பில் செருகி, தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, மார்பளவு தண்ணீரில் நடந்து வந்தாள். அவளுக்கு நீச்சல் தெரியாது.

"லென்ஸ முதல்ல எடுக்கணும்டி, கண்ணு போயிடும்," என்று படகைப் பிடித்துக்கொண்டு மூச்சுவாங்கினாள். சந்தியாகு அவளை ஏற்றிக்கொண்டார். அவள் அழுதுகொண்டே லென்ஸை எடுத்தாள், எண்ணெய் தடவித் தடவிக் கோந்தை உரித்தாள். "நான் வேன்ல இருந்துட்டேன்டி. கட் சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன்டி."

கண் திறந்தபோது எப்சிபா பார்த்தது அப்பாவைத்தான். அவர் இவளைப் பார்க்காமல், கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மோட்டாரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். தோள் குலுங்கியது.

அன்றோடு படப்பிடிப்பு நின்றது. தகரத்தில் பாதிதான் கொட்டகைமேல் ஏறியது. பெரியவர்கள் சந்தியாகுவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "என் பொண்ணு உள்ள கெடந்துச்சு. அத எவனும் பாக்கல. நானும் பாக்கல," என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தார். சில மாதம் சிலர் அவரோடு பேசவில்லை. எப்சிபாவுக்குக் கண் சரியாக ஒரு வாரமும் உதடு ஆற அதற்கு மேலும் ஆனது. பழைய கடையில் அவளுடைய இடத்துக்கு வேறு பெண் வந்திருந்தாள். திருப்பாலைவனத்தில் ஒரு மருந்துக்கடையில் சேர்ந்தாள். முடியை வெட்டிக்கொண்டாள்.

படம் வராது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மறு வருஷம் ஆடி மாதம் வந்தேவிட்டது. முரளி பெயரும் இருந்தது, பிரபாகரன் பெயரும் இருந்தது. பொன்னேரியில் மத்தியானக் காட்சிக்கு எப்சிபா அப்பாவோடு போனாள். போக வேண்டாம் என்றுதான் இருந்தாள். முடிவு என்ன ஆயிற்று என்று தெரியாமல் இருக்கவும் முடியவில்லை.

சுபஸ்ரீயின் முகம் வரும், உடனே எப்சிபாவின் முதுகு வரும். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. படம் தாறுமாறாக ஓடியது. ஒரு காட்சியில் வாய் தைத்திருந்தது, அடுத்ததில் இல்லை. கடைசியில் சுவர் வந்தது. ஆனால் செங்கல் இல்லை, கருங்கல். பொந்துக்குள் வெள்ளைக் கண்ணோடு ஒரு உருவம். கல் ஒவ்வொன்றாக ஏறியது. இடுக்கு வழியாக ஒரு கை வெளியே வந்து காற்றைப் பிடித்துப் பிடித்து விட்டது. பிறகு அதுவும் உள்ளே போய்க் கல் மூடியது. கூட்டம் விசிலடித்தது. மூன்றாம் பாகம் விரைவில் என்று எழுத்து விழுந்தது.

சந்தியாகு குனிந்து கேட்டார். "இது நீ இல்லையே பாப்பா?"

"இல்ல நைனா."

"கை ஒல்லியா கீதே."

 சுவரை உடைத்து வெளியே வந்தபின் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தாள். அவள் விட்டுவந்த பொந்தில் இன்னொருத்தியை நிறுத்தியிருக்கிறார்கள்.

வெளியே வந்ததும் ஹேமாவதிக்குப் போன் செய்தாள்.

"அதுக்கப்புறம் எத்தனை முடிவு எடுத்தாங்கன்னு எனக்கே மறந்துபோச்சுடி," என்றாள் ஹேமாவதி. "வாங்குனவங்களுக்கு ஒண்ணு புடிக்கல, தயாரிப்பாளருக்கு ஒண்ணு புடிக்கல. கடைசில ஒரு ஷெட்ல செட்டு போட்டு இத எடுத்தாங்க. செங்குன்றத்துப் பொண்ணு. நிவேதான்னு பேரு. காலேஜ் படிக்குது. நான் கூடவே நின்னேன்டி, இந்தத் தடவ நவுரல."

"நம்பர் இருக்காக்கா?"

தியேட்டர் வாசலில் நிழலாக ஒரு இடம் பார்த்து நின்று அந்த எண்ணுக்கு அடித்தாள். ஒரு இளம் குரல் எடுத்தது. தான் யார் என்று எப்சிபா சொன்னாள்.

"ஐயோ, நீங்களாக்கா?" அந்தப் பெண்ணின் குரலில் உற்சாகம் பொங்கியது. "உங்கள பத்தி நெறைய சொன்னாங்க. சுவத்த ஒடச்சுக்கினு வந்தீங்களாமே! அக்கா, மூணாவது பார்ட்டுக்கு என்னைக் கூப்டுருக்காங்க. முகம் காட்டுறாங்களாம். கதைகூட சொல்லிட்டாங்க. கடைசில நான் வெளிய வந்து, அப்படியே ஏரிக்குள்ள நடந்து போற மாதிரி."

 எதிரே பஸ்கள் வந்து போயின. போகாதே என்ற சொல் எப்சிபாவுக்கு வாய்வரை வந்தது. பாயில் உட்கார்ந்து முரளி சொன்ன கதையைக் கேட்டபோது தனக்கு யாராவது போகாதே என்று சொல்லியிருந்தால் கேட்டிருப்பாளா என்று யோசித்தாள்.

"நல்ல கதைதான்," என்றாள். "ஆனா அத மாத்துவாங்க. மாத்துறப்ப உன்ன கேக்கமாட்டாங்க. உன் வீட்டு ஆளுங்க யாரையாவது பக்கத்துல வச்சுக்க. நீ கூப்ட்டா காதுல விழுற தூரத்துல."

"எங்க வீட்ல யாரும் வரமாட்டாங்கக்கா. அப்பா பேசறதே இல்ல."

"எங்க எடுக்குறாங்க?"

"பழவேற்காட்லதான்னு சொன்னாங்க."

சந்தியாகு கொஞ்சம் தள்ளி நின்று, கரும்புச்சாறு இரண்டு கண்ணாடி வாங்கிக்கொண்டு இவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தேதி சொன்னதும் எனக்குப் போன் பண்ணு," என்றாள் எப்சிபா. "நான் லீவு போட்டுட்டு வந்து நிக்கறேன்."